ஆறாம் வகுப்பின் ஓட்டு

அன்புள்ள கணவருக்கு,

ஆறாம் வகுப்பு ‘ஆ’ பிரிவின் ஆசிரியை, அதாவது உங்கள் மனைவி, எழுதிக்கொள்வது. வீட்டில் எல்லாம் சுகம். உங்கள் சுகத்தை நான் விசாரிக்கப் போவதில்லை. அதுதான் திங்கட்கிழமை தோறும் முதல் பாடவேளையில் பெரிய திரையில் தெரிந்துவிடுகிறதே. போன வாரம் உங்கள் இடது கட்டைவிரலில் கட்டுப் போட்டிருந்ததை என்னோடு சேர்ந்து ஒரு வகுப்பே பார்த்தது. என்ன காயம் என்று முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி கேட்டு அனுப்பினாள். பாசி வழுக்கியது, கல்லில் இடித்துக்கொண்டேன், டாக்டரம்மா மருந்து வைத்தார், பென்சில் பிடிக்கிற கைக்கு ஒன்றுமில்லை, கவலைப்படாதே கண்ணு என்று அவளுக்கு ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தீர்கள். அதே வாரம் எனக்கு வந்த செய்தி இது: நலம், சிக்னல் சரியில்லை, பிறகு பேசுகிறேன். பிள்ளைகளுக்கு மட்டும் எங்கிருந்து சிக்னல் கிடைக்கிறது என்று தெரிந்தால் நானும் சீருடை மாட்டிக்கொண்டு அங்கே போய் உட்காருவேன்.

தப்பு என்னுடையதுதான். மாயா மக்களின் பழைய நகரங்களைத் தேடிப் போகும் குழுவில் உங்களுக்குப் படம் வரைகிற வேலை கிடைத்ததும், அந்தப் பயணத்தை இணையத்தில் பின்தொடரும் வகுப்புகளில் எங்கள் வகுப்பையும் பதிந்தவள் நான். தலைமையாசிரியரிடம், பிள்ளைகளுக்கு வரலாறு சுவைக்கும் என்று சொன்னேன். வாரம் ஒருமுறை உங்கள் முகத்தைப் பார்க்கலாமே என்பதுதான் உள்ளே இருந்த ஆசை.

வரலாறு சுவைக்கத்தான் செய்கிறது. புள்ளி ஒன்று, கோடு ஐந்து, சிப்பி பூஜ்யம் என்று அவர்கள் எண்ணுகிற விதத்தை இவர்கள் ஒரே நாளில் பிடித்துக்கொண்டார்கள். ஆசைப்பட்டார்களே என்று சிறுதேர்வு மதிப்பெண்ணையும் அப்படியே போட்டுக் கொடுத்தேன். மறுநாள் ஓர் அம்மா தாளோடு வந்து நின்றார். இரண்டு கோடும் மூன்று புள்ளியும் போட்டால் என் பிள்ளை பாஸா, பெயிலா என்று கேட்டார். இருபதுக்குப் பதின்மூன்று என்று சொல்லிப் புரிய வைப்பதற்குள் மணி அடித்துவிட்டது. இந்த மாதிரிக் கதையை எல்லாம் முன்பு சாப்பாட்டு மேஜையில் உங்களிடம் சொல்வேன். இப்போது உங்கள் நாற்காலியில் திருத்தாத விடைத்தாள்கள் உட்கார்ந்திருக்கின்றன. அவை சிரிப்பதில்லை.

கல்லில் செதுக்கிய அந்த ராணியைப் பற்றி நீங்கள் எழுதியதை வகுப்பில் நான்தான் உரக்கப் படித்தேன். அவளுடைய மூக்கின் வளைவு பிடிபடவில்லை, மூன்று நாள் எதிரிலேயே உட்கார்ந்து வரைந்தேன், வெயில் சாயும்போது அவள் திரும்பிப் பார்க்கிற மாதிரி இருந்தது என்று எழுதியிருந்தீர்கள். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன ஒருத்தி மேல் பொறாமைப்படுகிற நிலைமைக்கு வந்துவிட்டேன். என்னையும் நீங்கள் ஒருதடவை வரைந்தீர்கள். மின்சார ரசீதின் பின்பக்கம், பேனாவால். நெற்றியும் கண்ணும் வந்தன. மூக்குக்கு வரும்போது போன் அடித்தது, எழுந்து போய்விட்டீர்கள்.

செத்துப்போனவளையாவது மன்னிக்கலாம். டாக்டரம்மாவுக்கு வருகிறேன். உங்கள் குழுவில் எல்லாருடைய முகமும் எனக்குத் தெரியும், அவர் முகத்தைத் தவிர. படம் எடுப்பவர் அவர்தானே. ஒவ்வொரு படத்திலும் உங்கள் காலடியில் தொப்பி போட்ட ஒரு நிழல் மட்டும் விழுந்து கிடக்கிறது. நீங்களோ அந்த நிழலுக்குச் சொந்தக்காரியைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறீர்கள். நம் வீட்டு ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்தேன். உங்கள் தங்கை கல்யாணத்தில்கூட பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் போகிறவர் மாதிரிதான் நிற்கிறீர்கள்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் எங்கள் வகுப்பில் ஒருத்தி இருக்கிறாள், எதற்கெடுத்தாலும் கையைத் தூக்குவாள், பட்டப்பெயரே சந்தேகம். அவளாகவே இணையதளத்தின் கேள்விப் பெட்டியில் கேட்டுவிட்டாள்: “சார், நீங்க எல்லாப் போட்டோலயும் சிரிச்சுக்கிட்டே இருக்கீங்களே, ஏன்?” உங்கள் பதில் அடுத்த திங்களன்று திரையில் வந்தது. படம் எடுக்கும்போது, உங்கள் மேல் கோபமாக இருக்கிற யாரையாவது நினைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரம்மா சொல்வாராம். வீட்டில் ஒரு கோபக்காரி இருக்கிறாள், நினைத்த உடனே சிரிப்பு வந்துவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். வகுப்பு மொத்தமும் திரையை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் டஸ்டரைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அன்று மாலை உங்கள் தங்கையிடம் இதைச் சொல்லிப் பொருமினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “அண்ணி, அவன் உங்களைத்தான் நெனச்சு சிரிக்கிறான். இதுல கோபப்பட என்ன இருக்கு?” என்றாள். என்ன இருக்கிறதா? என் கோபத்தை நினைத்தால் சிரிப்பு வரும் என்று அந்த அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறீர்கள். என் வகுப்புக்குச் சொல்லியிருக்கிறீர்கள். இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒருதடவை சொன்னதுண்டா?

இனி ஓட்டு விஷயம். இரண்டு ஆறு கூடுகிற ஊரில் நீங்கள் சாமான் ஏற்றிக்கொண்ட பிறகு எந்தப் பக்கம் போவது என்பதை, வழக்கம்போல, வகுப்புகளிடமே விட்டார் உங்கள் தலைவர். கீழே போனால் துறைமுகம், அத்தோடு பயணம் முடிந்து அவரவர் வீடு. மேலே போனால் இதுவரை யாரும் சரியாகப் பார்க்காத ஓர் இடிந்த நகரம், இன்னொரு வருஷம். வகுப்புக்கு ஓர் ஓட்டு. இரண்டு பக்கத்தையும் ஆசிரியர் நடுநிலையாக விளக்க வேண்டும் என்று குறிப்பில் இருந்தது.

நான் நடுநிலையாக விளக்கவில்லை. துறைமுகத்தில் பெரிய அருங்காட்சியகம் இருக்கிறது, குளிர்சாதன வசதி இருக்கிறது, எல்லாவற்றுக்கும் பெயர்ப்பலகை இருக்கிறது என்றேன். மேலாற்றைப் பற்றிச் சொல்லும்போது விஷப்பாம்பு, முதலை, சிறுத்தை, கை அகலச் சிலந்தி, ஆளையே இழுத்துக்கொண்டு போகிற சுழல் என்று ஒன்றையும் விடவில்லை. ஒரு பாம்பின் படத்தைத் திரை முழுக்கப் போட்டும் காட்டினேன். அப்புறம் கை தூக்கச் சொன்னேன். துறைமுகத்துக்கு ஒரு கைகூட எழவில்லை. மேலாற்றுக்கு அத்தனை கைகளும் எழுந்தன, சிலர் இரண்டு கையையும் தூக்கினார்கள். இத்தனை வருஷம் பதினோரு வயசுப் பிள்ளைகளோடு மாரடித்தும் பாம்பு என்றால் அவர்களுக்கு உயிர் என்பது எனக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

கணினியில் ஓட்டைப் பதிய வேண்டியவள் நான். வேறு பொத்தானை அழுத்தினால் யாருக்குத் தெரியும் என்று தோன்றாமல் இல்லை. சந்தேகம் என் முழங்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். உங்களை இன்னொரு வருஷத்துக்குக் காட்டுக்குள் அனுப்புகிற பொத்தானை என் விரலாலேயே அழுத்தினேன். முடிவு நேற்று வந்தது. மேலாறுதான். வகுப்பில் ஒரே கும்மாளம், பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து கதவைத் தட்டினார். நானும் கைதட்டினேன்.

தலைவர் அறிவிப்பின் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறார். குழுவில் யாருக்காவது வீடு திரும்ப வேண்டுமென்றால் அந்த ஊரிலிருந்து துறைமுகத்துக்குப் படகு உண்டு, கட்டாயம் ஒன்றுமில்லை என்கிறார். பிள்ளைகள் அந்த வரியைக் கவனிக்கவில்லை. நான் அதைப் பலதடவை படித்தேன். ஓட்டுக்கு விட்டது குழு எந்தப் பக்கம் போவது என்பதைத்தான். நீங்கள் எந்தப் பக்கம் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாம்பையும் முதலையையும் இழுக்காமல் ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பேன்.

போகாதீர்கள் என்று எழுத மாட்டேன். அந்த நகரத்தின் கற்கள் உங்களை எப்படி இழுக்கும் என்று எனக்குத் தெரியும், அதுதான் என் எரிச்சலே. விரல் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கொதிக்க வைத்த தண்ணீரையே குடியுங்கள். டாக்டரம்மாவுக்கு, கட்டு நன்றாகப் போட்டிருக்கிறார் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

படகிலா, மேலாற்றிலா என்று முடிவு செய்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். ஒரு வரி போதும். ஆனால் அதை இணையதளத்தில் போட்டுவிடாதீர்கள். இந்த ஒன்றையாவது திங்கட்கிழமை காலையில் பிள்ளைகளோடு சேர்ந்து நான் தெரிந்துகொள்ளக் கூடாது. மின்சார ரசீதைக் கண்ணாடி ஓரத்தில் செருகி வைத்திருக்கிறேன். மூக்கு இன்னும் பாக்கி இருக்கிறது.

எங்கிருந்தாலும் நல்லபடியாக இருங்கள்.

இப்படிக்கு,
நினைத்த உடனே உங்களுக்குச் சிரிப்பு வருகிற
அந்தக் கோபக்காரி