கிராம்பு வெச்ச சிகரெட் பெட்டி

தாட்சா,

இன்னிக்குக் காலையில நீ திரும்பி வர்றேன்னு நம்ம பொண்ணு சொல்லிச்சு. நான் ஷிஃப்டுக்குக் கெளம்பிட்டேன். சாம்பார் அடுப்பு மேலயே கீது, சூடு பண்ணிக்கோ. கேஸ்காரர் பதினோரு மணிக்கு வருவாரு, புக்கு ஃபிரிட்ஜ் மேல கீது.

அது பக்கத்துலயே அந்த சிகரெட் பெட்டி. என் சட்டைப் பையில பாத்துட்டு, "மறுபடியும் ஆரம்பிச்சாச்சா?"ன்னு கோச்சிகினு வேப்பம்பட்டு பொண்ணு ஊட்டுக்குப் போனியே, அதேதான். இப்பவாவது தொறந்து பாரு. உள்ள கிராம்புதான் கீது. டீ குடிச்சா கை தானா பையிக்குப் போவும், மூளை அப்படிப் பழகிப்போச்சு, கைக்கு வேற எதனா குடுங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்க. தின்னு தின்னு நாக்கே மரத்துப்போச்சு.

ஆசை வந்தா அஞ்சு நிமிஷத்துல அடங்கிடுமாம். அதுவரைக்கும் யார்கிட்டயாவது பேசிகினு இருக்கணுமாம். ஊட்டுல யாரு கீறா? நாலு நாளா நான் போன் பண்ணது சண்டை போட இல்ல, அதுக்குத்தான். நீ எடுக்கல. செவுத்தைப் பாத்துகினே உக்காந்திருந்தேன். ஆனா ஒண்ணு கூட பத்த வெக்கல.

மணவாளன்

ஒண்ணு மறந்துட்டேன். மூணு மணிக்கு டீ குடிக்கும்போது போன் பண்ணுவேன். கோவம் தீரலன்னா பேச வேணாம். எடுத்து அஞ்சு நிமிஷம் காதுல வெச்சிரு, போதும்.