வெள்ளைக் கல் போட்ட தொட்டி

அன்புள்ள குட்டிம்மாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும். இங்கே நாங்கள் சுகம் என்று எழுதப் பேனா வரமாட்டேன் என்கிறது. போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் அப்பா காதில் விழும், உன் குரலைக் கேட்டால் நானும் உடைந்துவிடுவேன், அதனால் மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன தடவை வந்தபோது மீன் தொட்டியும் அதற்கு மேலே செடித் தொட்டியுமாக நீ வைத்துவிட்டுப் போனாயே, பக்கவாதத்தில் வலது கை விழுந்த பிறகு அப்பாவைக் கட்டிலை விட்டு எழுப்பியது அதுதான். மீன் அழுக்கு செடிக்கு உரம், செடி அலசிக் கொடுக்கிற தண்ணீர் மீனுக்கு என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை பேசுவார். தக்காளிச் செடி உயர்ந்ததும் சாயத் தொடங்கியது. மண்ணுக்குப் பதிலாக நீ போட்ட சுட்ட களிமண் உருண்டைகள் லேசு, "வேருக்குப் பிடிமானம் இல்லடி" என்று புலம்பிக்கொண்டே இருந்தார். எதிர்வீட்டில் தோட்டத்துக்குப் போட்டு மிஞ்சிய வெள்ளைச் சலவைக்கல் சில்லுகளைக் கேட்டு வாங்கி, உருண்டைகளை எல்லாம் அள்ளிக் குப்பையில் கொட்டிவிட்டு, ஒவ்வொரு கல்லாக எடுத்து அடுக்கினார். எந்தக் கையால் தெரியுமா, வலது கையால். கரண்டி பிடிக்க வராத கை அது. நான் அடுக்களையில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அந்த நேரத்தில் கல் நல்லதா கெட்டதா என்று யாருக்கடி கேட்கத் தோன்றும்.

அப்புறம் இலை வெளுத்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. காலையில் எழுந்து பார்த்தால் ஒன்று மிதக்கும், மறுநாள் இன்னும் இரண்டு. பதறிப்போய் மேல்வீட்டு டீச்சரை அழைத்து வந்தேன், வேதியியல் படித்தவள் அல்லவா. ஒரு கல்லைக் கிண்ணத்தில் போட்டு வினிகரை ஊற்றினாள், சோடா மாதிரி பொங்கியது. "சுண்ணாம்புக் கல்லு இது, அக்கா. கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு தண்ணியோட தன்மையே மாறிடுச்சு. பழைய உருண்டையில மீன் கழிவைத் தின்னுற கிருமி குடியிருந்துச்சு, அதுவும் குப்பைக்குப் போயிடுச்சு. இப்ப மீனோட கழிவே மீனுக்கு விஷம்" என்றாள். பின்னால் அப்பா நின்றதை அவளும் கவனிக்கவில்லை, பாவி நானும் கவனிக்கவில்லை. "இந்தக் கை பொழைச்சு எதுக்கு, கொல்றதுக்குத்தான் ஆச்சு" என்றார். அவ்வளவுதான், போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர்தான்.

மாத்திரை வேண்டாம் என்கிறார். கைப் பயிற்சி சொல்லிக்கொடுக்க வருகிற பெண்ணைத் திருப்பி அனுப்பிவிட்டார். பாலில் மாத்திரையைப் பொடித்துக் கலந்தேன், கசப்பு தெரிந்து கவிழ்த்துவிட்டார். மாத்திரை நின்றால் வாதம் இன்னொரு தடவை வரும், அப்போது என்னைக் குறை சொல்லாதீர்கள் என்று டாக்டர் கையை விரிக்கிறார். நான் யாரிடம் போய் முட்டிக்கொள்வேன்? கல்லை எல்லாம் நானே வாரிக் கொட்டினேன், இடுப்பு கழன்றுவிட்டது. வேரோடு ஒட்டியிருந்த பழைய உருண்டைகளைக் கழுவாமல் அப்படியே வைக்கச் சொன்னாள் டீச்சர், அந்தக் கிருமி அதில் மிச்சமிருக்குமாம். கட்டட வேலை நடக்கிற இடத்தில் வழவழப்பான ஆற்றுக் கூழாங்கல் கேட்டு வாங்கி வினிகர் ஊற்றிப் பார்த்தேன், ஒரு குமிழிகூட வரவில்லை. சாயம் பூசிய கல் கூடாதாம், செடியைச் செம்புக் கம்பியால் கட்டினால் மீனுக்கு ஆகாதாம், பருத்திக் கயிற்றால் கட்டினேன். தண்ணீரும் பாதி மாற்றியாயிற்று. மிச்சமிருக்கிற மீன்கள் அசைகின்றன, பிழைக்குமா என்று தெரியவில்லை. இத்தனையும் அவர் காதுபடத்தான் செய்தேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கண்ணு, நீ போன் பண்ணும்போது மீன்தானே அப்பா, வேறு வாங்கிக்கலாம் என்று மட்டும் சொல்லிவிடாதே. தொட்டியை எடுத்துவிடலாம் என்றும் சொல்லாதே. அந்தக் கை கல் அடுக்கியதாமே, எப்படி அடுக்கியது என்று அதைக் கேள். முடிந்தால் லீவு போட்டுவிட்டு வா. "புள்ளைகிட்ட மூச்சு விடாதே" என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார், ஆனாலும் நான் எழுதியதை நீ மறைக்க வேண்டாம். தெரிந்தால் என்னைத் திட்டுவார். திட்டட்டும். அவர் வாயால் திட்டு வாங்கி நாளாகிறது.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. இந்தக் கடிதம் கிடைத்ததும் முதலில் அப்பாவுக்குப் போன் போடு, எனக்கு அப்புறம் போதும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா