தார்ப்பாய் கட்ட ஓர் ஏணி வேண்டி

அனுப்புநர்:
'வாலு' என்று தெருவே அழைக்கும் பள்ளி மாணவன்,
லாரி ஓட்டுநரின் மகன்,
சரக்குக் கிடங்கின் பின்தெரு.

பெறுநர்:
பாதுகாப்பு ஆய்வாளர் அவர்கள்,
தொழிலாளர் நல அலுவலகம்.

பொருள்: கிடங்கில் ஏணி இல்லாததும், என் அப்பா லாரியிலிருந்து விழுந்ததும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

கிடங்கு வாசலில் உள்ள 'பாதுகாப்பே முதன்மை' என்ற பலகைக்குப் புதிதாகப் பச்சை வண்ணம் பூசப்பட்டு, அது நன்றாகக் காய்ந்தும்விட்டது என்ற நற்செய்தியைத் தங்கள் மேலான கவனத்திற்குப் பணிவுடன் கொண்டுவருகிறேன்.

1. பலகை வெறும் அலங்காரம் அல்ல. சரக்கு ஏற்றியபின் மேலே ஏறித் தார்ப்பாய் விரித்துக் கயிறு கட்டுவது ஓட்டுநரின் வேலை. ஏணி கிடையாது. ஆகவே லாரியைப் பலகையை ஒட்டி நிறுத்தி, அதன் இரும்புச் சட்டத்தில் கால் வைத்துத்தான் எல்லோரும் ஏறுகிறார்கள். இவ்வளவு உழைக்கும் அறிவிப்புப் பலகையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

2. சென்ற வாரம் மழை. சட்டத்தில் பூசிய புது வண்ணம் வழுக்கியது. ஏறிய அப்பா, ஏறியதைவிட வேகமாக இறங்கினார். தோள்பட்டை எலும்பு முறிந்தது. மேலாளர் ஓடோடி வந்து பலகையைத் தடவிப் பார்த்து, கீறல் இல்லை என்று உறுதி செய்தார். அன்னாரின் அக்கறைக்கு நன்றி.

3. விடுப்பு கேட்கப்போன அம்மாவிடம், "வண்டி ஓட்டும்போது அடிபட்டாத்தாம்மா அது வேலையில பட்ட அடி. நின்ன வண்டியில இருந்து விழுந்தா நாங்க என்ன பண்றது?" என்று மேலாளர் விளக்கினார். "அப்ப ஓடுற வண்டியில ஏறிக் கட்டச் சொல்லட்டுமா சார்?" என்று அம்மா கேட்டார். பதில் இன்னும் பரிசீலனையில் உள்ளது.

4. திங்கட்கிழமை வராவிட்டால் வண்டி வேறொருவருக்காம். அப்பா கைக்கட்டோடு கிளம்பத் தயாராகிவிட்டார். ஸ்டியரிங் பிடித்து, கியர் போட்டு, தார்ப்பாயும் கட்ட அவருக்குத் தேவைப்படும் கூடுதல் கைகளைத் தங்கள் அலுவலகம் வழங்குமா என அறிய விரும்புகிறேன்.

எனவே திங்களுக்கு முன் தாங்கள் நேரில் வந்து, கைப்பிடி வைத்த ஏணி ஒன்று போடச் செய்து, அப்பாவுக்குப் பட்டதை வேலையில் பட்ட அடியாகவே பதிந்து, தோள் கூடும்வரை அவர் வண்டி அவருக்கே இருக்க உத்தரவிட வேண்டுகிறேன்.

ஒன்றை மறைக்க மனமில்லை. அப்பாவுக்குப் பதில் நானே ஏறிக் கட்டுவேன், இதெல்லாம் ஓர் உயரமா என்று தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். நேற்று ஏறியும் காட்டினேன். மேலே போய்க் கீழே பார்த்ததும் கயிற்றைக் கட்டிப்பிடித்துக் குப்புறப் படுத்துவிட்டேன். மற்ற ஓட்டுநர்கள் வருவதற்குள், ஒடிந்த தோளோடு அப்பாவே ஏறி வந்து என்னை இறக்கினார். இறங்கி நின்றபோது அவருடைய விரல்கள் மடங்கவில்லை. ஸ்டியரிங் பிடிக்கும் கை ஐயா அது. சீக்கிரம் வாருங்கள்.

நாள்: வெள்ளிக்கிழமை
இடம்: கிடங்கு வாசல், பலகை அருகில்

இப்படிக்கு, தரையில் நின்றபடி,
வாலு