மூன்றாவது காயில்

மார்ச் 3, செவ்வாய்

காரைப் பார்க்க முதல் ஆள் வந்தார். பல் மருத்துவர். சுற்றி வந்தார், உட்கார்ந்தார், ஸ்டியரிங்கைத் தடவி "அருமை" என்றார். நெடுஞ்சாலையில் ஏறி மிதித்ததும் வண்டி இருமியது. டர்போ முழு மூச்சில் தள்ளும் இடத்தில் லொக், லொக், லொக். மஞ்சள் விளக்கும் எரிந்தது. "யோசிச்சுச் சொல்றேன்" என்று இறங்கிப் போனார். பல்லைப் பிடுங்குகிறவர் இவ்வளவு மென்மையாகப் பேசக் கூடாது.

விற்பதற்குக் காரணம் அத்தை. இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து மாமியார் எங்கள் வீட்டில்தான், சக்கர நாற்காலியில். வலது காலை மடக்க முடியாது. என் காரின் இருக்கை தரையோடு தரையாக இருக்கும். அவரை அதில் உட்காரவைக்கச் செய்த ஒரே முயற்சியைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. மனைவி ஒரு வேன் பார்த்து வைத்திருக்கிறாள். பின்கதவைத் திறந்தால் சாய்பலகை இறங்கும், நாற்காலியோடு ஏற்றிவிடலாம். கார் விற்றால்தான் வேன். மாதக் கடைசிவரைதான் வேன்காரர் பொறுப்பார்.

அத்தையின் ஒரே தங்கை ஏப்ரல் ஒன்றாம் தேதி வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் போகிறார். போனால் திரும்ப மாட்டார். பார்வை மங்கிவிட்டது, இவ்வளவு தூரம் அவரால் வர முடியாது. அதற்குள் அக்கா போய்ப் பார்த்துவிட வேண்டும். விஷயம் இதுதான்.

டாக்சி என்றேன். "கால ஜன்னல் வழியா நீட்டிக்கிட்டா போறது?" என்றாள் மனைவி. ஆம்புலன்ஸ் என்றேன். "சாகப் போறப்ப ஏறிக்கறேன் மாப்பிள்ளே" என்றார் அத்தை.

என் வேலை லிஃப்ட் பழுது பார்ப்பது. நாள் முழுக்க ஊரையே ஏற்றி இறக்குகிறேன். மாமியாரை ஒரு காரில் ஏற்ற முடியவில்லை.

மார்ச் 5, வியாழன்

"இக்னிஷன் காயில் போச்சு" என்றார் மெக்கானிக், பானட்டைத் திறக்காமலே. பிறகு மரியாதைக்குத் திறந்தார். "டர்போ காத்த அமுக்கித் திணிக்குது. பழைய காயில் குடுக்கற பொறிக்குத் தெம்பில்ல. பெருங்காத்துல தீக்குச்சி கொளுத்துற கத."

நாலு சிலிண்டருக்கு நாலு காயில். கம்பெனியில் வந்த மாதிரியே போட்டாலும் போதும். ஆனால் அதைவிடச் சக்தியுள்ள ஒரு செட் வந்திருந்தது. சிவப்பு. அதையே வாங்கினேன்.

"விக்கப்போற வண்டிக்கு எதுக்குங்க செகப்பு?" என்றாள் மனைவி.

"வாங்கறவங்களுக்கு ஒரு நம்பிக்கை வரும்" என்றேன். அவள் என்னைப் பார்த்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

மார்ச் 7, சனி

வீட்டு வாசலிலேயே வேலை. மேல்மூடியை எடுத்ததும் நாலு காயிலும் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு வயர் முனை, அதைப் பிடித்துக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் நாக்கு. எஞ்சின் சூட்டில் வெந்து வெந்து சருகாகியிருந்தது. ஒன்று, இரண்டு நோகாமல் வந்தன. மூன்றாவதின் நாக்கு கையோடு வந்துவிட்டது. பரவாயில்லை, அழுத்திச் செருகினால் நிற்கிறது. காயிலைத் திருகி இழுத்தால் ரப்பர் உறை உள்ளே ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறது. கெஞ்சினேன். வந்தது. பிளக்கும் நாலும் புதிதாகப் போட்டேன்.

அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசிவரை பார்த்தார். டிவியில் ஒன்றும் இல்லையாம்.

"அந்த வயர மாட்டலன்னா வண்டி நின்னுடுமா மாப்பிள்ளே?"

"நிக்காது அத்தை. ஓடும். ஆனா நொண்டி நாய் மாதிரி ஓடும்."

"ஓ" என்றார். கேள்வி கேட்டால் பதில் சொல்வது என் பழக்கம்.

மார்ச் 8, ஞாயிறு

ஓட்டிப் பார்த்தேன்.

ஐயோ.

இருமல் போன இடம் தெரியவில்லை. மிதித்தால் அடிவயிறு பின்னால் தங்கிவிடுகிறது, உடம்பு மட்டும் முன்னால் போகிறது. திரும்பி வந்து வண்டியை நிறுத்திவிட்டு இறங்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் "என்ன, குழந்தையா?" என்று கேட்டார்.

இதைப் போயா விற்பது?

மார்ச் 11, புதன்

இரண்டாவது ஆள். வங்கி அதிகாரி. அவர் வருவதற்குச் சற்று முன் எண்ணெய் பார்க்கலாம் என்று பானட்டைத் திறந்தேன். எண்ணெய் சரியாக இருந்தது. கை சும்மா இருக்கவில்லை. மூன்றாவது காயிலின் வயர் இலேசாகக் கழன்றுவந்தது. மேல்மூடியைப் போட்டுவிட்டால் வெளியே தெரியாது.

வண்டி கிடுகிடுவென்று நடுங்கியது. அதிகாரி தெருமுனை தாண்டவில்லை. அவர் போனதும் மாட்டிவிட்டேன்.

"என்ன சொன்னார்?" என்று மனைவி கேட்டாள்.

"யோசிக்கறாராம்."

மார்ச் 12, வியாழன்

கார்தான் பாவம் என்று தோன்றுகிறது. மூன்று சிலிண்டரில் ஓட்டுவது எஞ்சினுக்கு ஆகாது.

மார்ச் 15, ஞாயிறு

மூன்றாவதாக ஒரு புதுமணத் தம்பதி. வண்டி நடுங்கியபோது அந்தப் பெண் கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள். கும்பிடு போட்டு இறங்கினார்கள்.

மனைவி பொறுமை இழந்துவிட்டாள். ஆனால் என்னிடம் இல்லை. நேராக மெக்கானிக் கடைக்குப் போய், "செகப்புப் பெயின்ட் அடிச்சு ஓட்டக் காயில எங்க தலையில கட்டிட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். கடை நிறைய வாடிக்கையாளர்களாம். திரும்பி வந்து என்னிடம் சொன்னபோது, "அவ்வளவு தூரம் பேசியிருக்க வேண்டாம்" என்றேன். "உங்களுக்கு இளகின மனசு, அதான் எல்லாரும் ஏமாத்தறாங்க" என்றாள்.

மார்ச் 17, செவ்வாய்

மெக்கானிக் தானாகவே வீட்டுக்கு வந்தார். ஒவ்வொரு காயிலாகக் கழற்றிச் சோதித்தார். எல்லாம் கல் மாதிரி இருந்தன. மனிதர் இளைத்துப்போய்விட்டார்.

"ராத்திரி தூக்கம் வரல சார். நல்ல காயில். ஏன் இப்படிப் பண்ணுதுன்னு எனக்கே பிடிபடல. வேணும்னா திருப்பி எடுத்துக்கறேன்."

வேண்டாம் என்றேன். அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

அப்போதுதான் மூன்றாவதின் உடைந்த நாக்கைக் கண்டார். "அட, இதான்! ஆட்டத்துல கழண்டுபோயிருக்கு!" என்று துள்ளினார். ஒரு நைலான் பட்டியைப் போட்டு வயரைக் காயிலோடு இறுக்கிக் கட்டினார். "இனி வெட்டுனாத்தான் வரும் சார்."

கத்தரிக்கோல் சமையலறையில் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது. சும்மா குறித்து வைக்கிறேன்.

மார்ச் 20, வெள்ளி

அத்தை தங்கையோடு போனில் பேசியது கூடம்வரை கேட்டது. "அழாதடி. பாக்கணும்னு இருந்தா பாப்போம். இல்லன்னா என்ன, தினமும் பேசறோமே... வண்டி தகராறு பண்ணுது. என் மாப்பிள்ளையும் எவ்வளவோ பாக்கறாரு."

எவ்வளவோ பாக்கறாராம்.

நான் பாட்டுக்குச் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்ததையே துடைத்தேன். என்ன மனுஷன்டா நீ? ஒரு இரும்பு டப்பா. அதுக்குப் போயி... ரெண்டு கிழவிங்கள—

நாளை மறுநாள் இன்னொரு ஆள் வருகிறார். மாதக் கடைசிக்கு மேல் வேன்காரர் ஒரு நாளும் பொறுக்க மாட்டாராம்.

மார்ச் 22, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் கத்தரிக்கோலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வாசலுக்குப் போனேன். பானட்டைத் திறக்கவில்லை. உள்ளே வந்தேன். தண்ணீர் குடித்தேன். மறுபடி போனேன். இப்படியே நேரம் போய்விட்டது. தெருமுனையில் ஒரு ஸ்கூட்டர் வந்து, வீட்டு எண்களைப் பார்த்துக்கொண்டே மெதுவாக ஊர்ந்தது.

ஜன்னலிலிருந்து அத்தை குரல் கொடுத்தார். சமையலறையில் இருக்கும் மகளுக்குக் கேட்காத குரல்.

"மாப்பிள்ளே, ஆள் வந்தாச்சு. இன்னைக்கு இன்னும் கழட்டலியே?"

குத்தலாகச் சொல்லவில்லை. குடையை மறந்துவிட்டீர்களே என்பது போலச் சொன்னார்.

சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டேன். "அத்தை... எப்பத்துல இருந்து..."

"அந்த பேங்க்காரர் வந்தாரே, அன்னைலேருந்து. எனக்கு வேற என்ன வேல? ஜன்னலத்தானே பாத்துக்கிட்டிருக்கேன்."

"அவகிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வீடு ரெண்டாயிடும். நீங்க மாட்டிருவீங்கன்னு பாத்தேன்." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "எனக்கும் என் தங்கச்சியப் பாக்கணும் மாப்பிள்ளே."

வெட்கமாக இருந்தது. இவ்வளவு வயசுக்கு இப்படி வெட்கப்பட்டதில்லை. கத்தரிக்கோலை எடுத்து ஜன்னல் கம்பி வழியாக அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைப் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டார்.

வந்தவர் ஒரு நர்ஸ். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார், போனார். தூரத்திலிருந்தே சத்தம் கேட்டது. நாலு சிலிண்டரும் சுத்தமாகப் பாடின. திரும்பி வந்தபோது அவர் முகத்தில் இருந்த சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு.

"இத ஏங்க விக்கறீங்க?" என்றார்.

"மாமியாரை ஏத்த முடியல" என்றேன்.

மார்ச் 23, திங்கள்

மெக்கானிக்கிடம் போய் உண்மையைச் சொன்னேன். முதலில் "அப்பாடா" என்றார். பிறகு திட்டினார். நியாயமாகவே நன்றாகத் திட்டினார். மனைவியை அழைத்துவந்து மன்னிப்புக் கேட்கச் சொல்லவா என்றேன். "எதுக்கு? அப்புறம் உங்களுக்கு ஆம்புலன்ஸ் சொல்லணும்" என்றார்.

மார்ச் 29, ஞாயிறு

போய் வந்தோம்.

அத்தையை நாற்காலியோடு தள்ளி அறைக்குள் விட்டபோது தங்கை கையை நீட்டித் துழாவினார். முகம், காது, தோள் என்று தடவிப் பார்த்தார். பிறகு இருவரும், பள்ளிக்கூட நாளில் ஒரு கைக்கடிகாரத்தைக் கிணற்றில் போட்டது யார் என்று சண்டை போட்டார்கள். சாயங்காலம்வரை முடிவாகவில்லை. கிளம்பும்போது இருவரும் பிடித்த கையை விடும்வரை மனைவியும் நானும் காத்திருந்தோம்.

திரும்பி வரும்போது ஒரு மேட்டில் வேன் முக்கியது. ஒரு சைக்கிள்காரர் எங்களைத் தாண்டிப் போனார்.

"ஏன் மாப்பிள்ளே இப்படி முனகுது?" என்றார் அத்தை பின்னாலிருந்து. "அந்தச் செகப்புக் காயில இதுல மாட்ட முடியாதா?"

"இது டீசல் அத்தை. டீசல் வண்டிக்குக் காயிலே கிடையாது."

அத்தை யோசித்தார். "அப்ப கழட்டறதுக்கு ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்ல அத்தை."

"என்னத்தக் கழட்டறது?" என்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லடி. நீ ரோட்டப் பாரு" என்றார் அத்தை.

நான் கியரைக் குறைத்தேன்.