மூன்று ரிங்

2008 செப்டம்பர் 9

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். இன்று மெஷினோடு பேசிவிட்டேன். மீன்கார முதலாளிக்குக் கோல் எடுத்தால் ரிங்குக்குப் பதில் பைலா, அந்தச் சிங்கள ஆட்டப் பாட்டு. அதற்கு மேல் ஒரு பெண் பிள்ளையின் குரல். சிங்களம், இங்கிலீஸ், பிறகு நல்ல தமிழ். இந்தப் பாட்டு வேண்டுமென்றால் நட்சத்திரத்தை அழுத்தவும், நாளை முதல் ஒலிக்கும் என்றாள். இவ்வளவு மரியாதையாக என்னிடம் யார் பேசியிருக்கிறார்கள்? "சரி மகள், சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு அழுத்தினேன். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பில் வெற்றிலை புரையேறிவிட்டது. நான் கேலி செய்யும் மனிதர், இன்று என்னைக் கேலி செய்தார்.

மாலை மகள் சீதாவின் ஒரு ரிங் வந்தது. நிம்மதி.

செப்டம்பர் 10

காலையிலிருந்து மெசேஜ். எல்லாம் இங்கிலீஸ். நேற்றுப் போனில் போட்ட காசுக் கார்ட் இன்றைக்குக் காலி! யார் தின்றது? போன் பேசும் கொமினிகேஷன் கடை ரபீகாவிடம் போனால் அவள் புதுப் பெக்கேஜ் கதை சொல்கிறாள். "அக்கா, இப்ப போன்லயே இன்டர்நெட் ஈக்கி. படமெல்லாம் பாக்கேலும்." என் போனில் மணி பார்ப்பதே பெரிய பாடு. எனக்கு இன்டர்நெட் எதற்கு? எனக்கு வேண்டியது ஒரு ரிங்.

மகள் கொழும்பில், வெள்ளவத்தையில் புடவைக் கடையில் நிற்கிறாள். வேலை முடிந்து செக்பொயின்ட் தாண்டி, தங்கியிருக்கும் போடிங்குக்குப் போக வேண்டும். தமிழ்ப் பிள்ளை. போய்ச் சேர்ந்ததும் மிஸ் கோல். ஒரு ரிங் என்றால் வந்துவிட்டேன். இரண்டு என்றால் கடையில் சுணக்கம். மூன்று என்றால் பொலிஸ் பிடித்துவிட்டது. மூன்றைக் கண்டுபிடித்தது நான்தான், அதுவும் சிரித்துக்கொண்டே.

எங்கள் மஹய்யாவ வீட்டில் அடுப்புக்கு மேலே ஜன்னலில் மட்டும்தான் சிக்னல். போனைப் பையில் போட்டு ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். சமைத்துக்கொண்டே காது கொடுக்கலாம்.

அதே நாள், மாலை

மூன்று.

செப்டம்பர் 11

நேற்று திருப்பி எடுக்க என் போனில் காசு இல்லை. ரபீகாவின் கடைக்கு ஓடினேன். சீதாவின் போன் ஓஃப். போன மாதம் பக்கத்துப் போடிங்கில் நாலு பிள்ளைகளை விசாரணைக்கென்று கூட்டிப்போனார்கள். ஐயோ, அந்த மூன்றை ஏன்டி வச்ச என்று என்னையே கேட்டுக்கொண்டேன். விடிந்ததும் இவர் கொழும்பு பஸ் ஏறிவிட்டார். இவரிடம் போன் இல்லை.

காலை ஒன்பது மணிக்கு சீதா கோல் எடுக்கிறாள், கடையிலிருந்து!

"அம்மா, என்னம்மா இது, ரிங்கே கேக்கல, எவனோ பைலா பாடுறான். பாட்டு முடியட்டும்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். அப்புறம் சார்ஜ் போயிருச்சு."

அங்கே அவளுக்குப் பாட்டு, அதே நேரம் இங்கே எனக்கு மூன்று ரிங். நட்சத்திரத்தை அழுத்தினால் பாட்டு எனக்குக் கோல் எடுப்பவருக்குத்தான், எனக்கே கேட்காது என்பதை அந்த மரியாதைக்காரி ஏன் சொல்லவில்லை? சிரிப்பதா அழுவதா? வாயில் வந்ததையெல்லாம் சொல்லி அந்த மெஷின்காரியைத் திட்டினேன்.

அப்பா வந்தால் சொல் என்றேன். இருட்டிவிட்டது. இவர் கடைக்கு வரவில்லையாம்.

செப்டம்பர் 12

இவர்தான் பொலிஸில்.

கொழும்புக் கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, கடைக்கு வழி தெரியாமல் விசாரித்துக்கொண்டு நின்றவரைக் கொண்டுபோயிருக்கிறார்கள். இன்று காலைதான் கடைக்குத் தகவல். சீதாவும் கடை முதலாளி ஐயாவும் போயிருக்கிறார்கள். அடுப்பு மூட்டவில்லை. ஜன்னலடியிலேயே நிற்கிறேன்.

செப்டம்பர் 13

வந்துவிட்டார். முகம் வீங்கவில்லை, நான் விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். மூன்று கோப்பைத் தேத்தண்ணி குடித்துவிட்டுச் சொன்னார்.

"எதுக்கு வந்தேன்னு கேட்டாங்க. மூணு ரிங் வந்திச்சுன்னு சொல்லிட்டேன். என்ன ரகசியக் கோட் அது, யாரு குடுத்ததுன்னு திருப்பித் திருப்பிக் கேட்டாங்க. என் பொண்டாட்டின்னேன். நம்பல."

நாலாவது கோப்பையை ஊற்றி இவர் கையில் கொடுத்தேன்.

"ஒன் பாட்டுக்கு நான் ஆடிட்டு வந்துட்டேன்" என்றார். அப்போதுதான் அழுதேன்.

செப்டம்பர் 14

பாட்டை வெட்ட ரபீகாவிடம் போனேன். போன் கம்பெனி நம்பரை எடுத்தால் அதே பெண், அதே மரியாதை. தமிழுக்கு மூன்றை அழுத்தவும் என்றாள். எனக்குக் கை வரவில்லை. ரபீகாதான் அழுத்தினாள். கொஞ்ச நேரத்தில் மெஷின்காரி சிங்களத்துக்கு மாறிவிட்டாள், நாங்கள் மறுபடி முதலிலிருந்து. நாலாம் தடவை வெட்டுப்பட்டது.

இனி கோட் இல்லை. வந்து சேர்ந்தால் ஒரு ரிங். வேறு எதுவானாலும் வாயைத் திறந்து பேசு என்று சீதாவிடம் சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 21

மாலை பருப்பு கொதிக்கும்போது ஆணி கழன்றது. போன் பையோடு சட்டிக்குள் போனது. கரண்டி தேடுவதற்குள் பருப்புக்குள்ளிருந்து ஒரு ரிங் கேட்டது. சீதா போய்ச் சேர்ந்துவிட்டாள். பருப்பில் உப்புப் போதாது என்றார் இவர்.