அம்மை என்று நீங்கள் சொன்ன கண்கட்டி

அத்தை,

இன்று காலையில் எதிர்வீட்டு மருமகள் இமையில் கிராம்பை உரசிப் பூசிக்கொண்டு வந்து நின்றாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும், எதற்கெடுத்தாலும் கிராம்பு உரசும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. செத்த பிறகும் கேட்காமல் வீட்டுக்குள் வருகிறீர்களே என்று எரிச்சலாக இருந்தது. அவளுக்குக் கண்கட்டி, மிளகு அளவில் சிவந்து நிற்கிறது. முள்ளால் குத்திப் பிதுக்கிவிடலாம் என்று அவள் மாமியார் சொன்னாளாம். நான் இரண்டு பேரையும் உட்காரவைத்து, "என் மூஞ்சியப் பாருங்க" என்றேன். வேக வைத்த முட்டை மாதிரி வெளுத்துக் கிடக்கும் என் இடது கண்ணைப் பார்த்த பிறகு மாமியாரே வெந்நீர் வைக்க எழுந்தாள்.

'நீங்கள்' என்றே எழுதுகிறேன். மரியாதை ஒன்றும் இல்லை, வாய்க்குப் பழகிவிட்டது.

அம்மா போன மறுவருஷம் சாரதாவைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் பாகலூர் வீட்டுக்கு வந்தீர்கள். புருஷனை இழந்த தங்கைக்கு ஒரு நிழல் ஆயிற்று, தாயில்லாத மகளுக்கு ஒரு துணை ஆயிற்று என்று அப்பாவுக்கு நிம்மதி. உங்கள் மகள் தட்டில் நெல்லுச்சோறு விழுந்தது, என் தட்டில் களி. அப்பா பார்த்துவிட்டால் மட்டும், "களி தின்னாத்தான் அவளுக்கு ஒடம்புல பலம் இருக்கும்ணா" என்பீர்கள். என் உடம்பின் மேல் உங்களுக்கு அவ்வளவு அக்கறை.

விளக்கெண்ணெய்த் திரியில் புகை பிடித்து நீங்கள் செய்த கண்மை ஒரே செப்பில் இருந்தது. சாரதாவும் நானும் அதில்தான் விரலை வைப்போம். முதலில் அவளுக்குக் கண்கட்டி வந்தது. அவள் தலையை மடியில் போட்டுக்கொண்டு, சுடுதண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து, காலையும் மத்தியானமும் சாயங்காலமும் ஒத்தடம் கொடுத்தீர்கள். "தொடாதடி கண்ணு, தானா ஒடையும்" என்று அவள் கையைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தீர்கள். அப்படியே உடைந்து, தழும்புகூட இல்லாமல் ஆறிப்போனது. பிறகு எனக்கு வந்தது. எங்கள் தோட்டத்துக் கரும்பு ஆலைக்கு வேலைக்கு வந்திருந்த ஆட்கள் காதில் விழும்படி நீங்கள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "பாக்கக் கூடாதத பாத்திருப்பா. இல்லேன்னா சும்மா வருமா?" அவர்கள் சிரித்தார்கள். நான் முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குள் போய் நின்றேன்.

முதல் எலெக்‌ஷன் பேச்சாகவே ஊர் கிடந்த வருஷம் அது. கிருஷ்ணகிரியில் மாந்தோப்பு வைத்திருந்த ஒரு வீட்டிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்பா சுண்ணாம்பு அடிக்க ஆள் பிடித்தார். நீங்கள் எலுமிச்சை முள் ஒன்றை ஒடித்துக்கொண்டு வந்தீர்கள். ஒத்தடம் கொடுங்கள் அத்தே என்று கெஞ்சினேன். "மாப்ள வீட்டுக்காரங்க வர்றதுக்குள்ள ஒத்தடத்துக்கு எங்கடி நேரம்?" என்று என்னைச் சுவரோடு சாய்த்துக் குத்தினீர்கள். கட்டைவிரல் நகங்கள் இரண்டையும் வைத்துப் பிதுக்கினீர்கள். நான் கத்திய கத்தலுக்கு அடுத்த வீட்டு நாய் குரைத்தது. "கல்யாணம் வேணும்னா இதுகூடத் தாங்க மாட்டியா?" என்றீர்கள்.

மறுநாள் கன்னம்வரை வீங்கிவிட்டது. கண் திறக்கவில்லை. உடம்பு கொதித்தது. ஓசூரிலிருந்து டாக்டரைக் கூட்டி வரட்டுமா என்று அப்பா கேட்டார். நீங்கள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டீர்கள். "ஆத்தா எறங்கிருக்காண்ணா. அம்மை. ஊசி கீசின்னு வாயால சொல்லாத, குடும்பத்தையே வாரிக்கிட்டுப் போயிருவா." அதற்கு மேல் யார் எதிர்த்துப் பேசுவார்கள்? கேழ்வரகு மூட்டை அடுக்கியிருந்த அறையில் என்னைப் போட்டு, வாசலில் வேப்பிலை செருகினீர்கள். யாரும் உள்ளே போகக்கூடாது, வீட்டை விட்டு யாரும் படி தாண்டி வெளியூர் போகக்கூடாது, மீறினால் ஆத்தாளுக்கு ஆகாது என்று நீங்களே சட்டம் போட்டீர்கள். அப்பா கதவுக்கு வெளியே உட்கார்ந்து அழுதது எனக்குக் கேட்டது.

அப்புறம் கண்ணாடி வளையல் சத்தம் கேட்டது. மல்லிகை வாசனை வந்தது. வண்டி மாடுகளின் மணியும் கேட்டது. மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெரியவளுக்குக் காய்ச்சல், சின்னவளைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டு, ஓசூரில் உங்கள் சொந்தக்காரர் வீட்டுக்குச் சாரதாவை அழைத்துக்கொண்டு கிளம்பினீர்கள். பெண் பார்ப்பது அங்கே நடந்தது. அத்தை, அந்த ஒரு இடத்தில்தான் சறுக்கினீர்கள். வண்டி தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்த அப்பா திடீரென்று எழுந்தார். "அம்மை கண்ட வீட்ட விட்டு இவ எப்படிப் படி தாண்டுனா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். வேப்பிலையைப் பிடுங்கி எறிந்துவிட்டு உள்ளே வந்து, என் கையையும் முதுகையும் தடவிப் பார்த்தார். ஒரு கொப்புளம் இல்லை. என்னைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

பெங்களூர் ஆஸ்பத்திரியில் பென்சிலின் ஊசி போட்டு உயிரைக் காப்பாற்றினார்கள். கண் போய்விட்டது. இமை முடியின் வேரில் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பி அடைத்துக்கொண்டு சீழ் பிடிப்பதுதான் கண்கட்டி என்று டாக்டரம்மா சொன்னார். வெந்நீர் ஒத்தடமும் சுத்தமான கையும் போதுமாம். ஒருத்தர் மையை இன்னொருத்தர் தொடக்கூடாதாம். "இதைப் பிதுக்கினது யாரு?" என்று கேட்டார். அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஊருக்குத் திரும்பினால் சாரதாவுக்குத் தாம்பூலம் மாற்றியாகியிருந்தது. வாயைத் திறந்தால் ஒரு பெண்ணின் கல்யாணம் நிற்கும் என்று அப்பா சாகும்வரை உங்களிடம் எதையும் கேட்கவில்லை. நீங்கள் கல்யாணப் பந்திக்கு வந்தவர்களிடமெல்லாம், "பாவம், அம்மைல கண்ணு போயிருச்சு" என்று மூக்கைச் சிந்தினீர்கள்.

அப்பாவும் போன பிறகு சாரதா உங்களைக் கூப்பிட்டுக்கொள்ளவில்லை. அந்த வீட்டில் நீங்களும் நானும்தான் மிச்சம். அப்போது உங்களுக்கு வந்தது, அதே இடது இமையில். துணியும் வெந்நீருமாக நான் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்ததும் என் கட்டைவிரலையே பார்த்தீர்கள்.

"ருக்கு, நீ பிதுக்க மாட்டல்ல?"

துணியை வெந்நீரில் முக்கி மெதுவாகப் பிழிந்தேன். உங்களைக் காக்கவைத்தது எனக்கு இனித்தது, அதற்காக இன்றும் வருத்தமில்லை. பிறகு கேட்டேன்: "அன்னிக்கு அம்மைன்னு நெஜமாவே நம்புனீங்களா அத்தே?"

சுவரைப் பார்த்தீர்கள். "தண்ணி ஆறிப்போச்சு. மாத்திக் கொண்டா."

மாற்றிக் கொண்டுவந்தேன். வேளை தவறாமல் ஒத்தடம் கொடுத்தேன். தானாக உடைந்து ஆறியது. கடைசிவரை இரண்டு கண்ணாலும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள். வேறு தண்டனை கொடுக்க எனக்குத் தோன்றவில்லை.

இன்று எதிர்வீட்டுப் பெண்ணின் இமையிலிருந்த கிராம்பைத் துடைத்துவிட்டு, துணியைப் பிழிந்து, முதலில் என் முழங்கையின் உள்பக்கம் வைத்துச் சூடு பார்த்தேன். பொறுக்கும் சூடுதான் என்று தெரிந்த பிறகு அவள் கண்ணில் வைத்தேன். இதை ஆஸ்பத்திரியில் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. சாரதாவுக்கு நீங்கள் செய்ததைக் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு பக்குவமான கை அத்தை உங்களுக்கு. அது என் பக்கம் நீளவே இல்லை.