செவலையின் தலைச்சன் ஈற்று

அன்புள்ள அக்காவுக்கு,

நீ வளர்த்த செவலைக் கிடாரி கன்று போட்டுவிட்டது. இரண்டும் நலம். இதை முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி நீ பயப்படாமல் படிக்கலாம்.

பனிக்குடம் உடைந்து இரண்டு மணி நேரமாகியும் ஒரு கால் மட்டும்தான் வெளியே தெரிந்தது. "தலைச்சன் ஈத்துன்னா லேட்டாத்தான்டி ஆவும், சும்மா இரு" என்றாள் அம்மா. நான் கேட்காமல் கால்நடை டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் பெரம்பலூரிலிருந்து வந்து, உள்ளே மடங்கிக் கிடந்த மற்றொரு காலை நிமிர்த்திக் கன்றை இழுத்தார்.

பிறகு அம்மாவுக்குத் திட்டு விழுந்தது. "வயசு பத்தாத கிடாரி, மொத ஈத்து, போதாக்குறைக்கு மக்காச்சோளத்தப் போட்டுக் கொழுக்க வச்சிருக்கீங்க. முன்னாடியே ஒரு தடவ காட்டியிருக்கலாம்லம்மா?"

நான் அதை அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். அம்மா எட்டிப் பார்த்தாள். "உங்கக்காவுக்கும் தலைச்சன்தானடி? ஏழு மாசமாச்சு" என்றாள். உன் மாமியார் ஸ்கேனைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பது அவளுக்கும் தெரியும்.

இந்தக் கடிதத்தை அம்மாவே சீம்பால் தூக்கோடு திருமானூருக்குக் கொண்டுவருகிறாள். சீம்பால் உன் மாமியாருக்கு. அம்மா உனக்கு. ஆஸ்பத்திரி அட்டையை எடுத்துக்கொண்டு அவளோடு கிளம்பு.

உன் தங்கை